கோடு கண்டு குலம் சொல்லலாமா?

சென்ற வாரம் நம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு படப் புத்தகத்துடன் வந்தான். "ஸார், இவ்விரண்டு பாம்புகளும் ஒரே ஜாதி என்று போட்டிருக்கிறதே, அச்சுப் பிழையா?" என்று கேட்டான். ஒன்றின் உடலில் நெடுக மூன்று மஞ்சள் கோடுகள். மற்றதோ முழுக் கறுப்பு. அச்சுப் பிழை ஏதுமில்லை. நிறத்தை நம்பிய நம் கண்தான் பிழை செய்கிறது.

வட அமெரிக்காவில் தோட்டங்களிலும் நீர்க் கரைகளிலும் வாழும் கார்ட்டர் பாம்புகளே அவை. காலுறை நழுவாதபடி மேனாட்டார் கட்டிய கோடிட்ட பட்டையின் பெயரைப் பெற்றவை. குட்டி போடுபவை, மனிதருக்கு அபாயம் விளைவிக்காதவை. 1758-ல் லின்னேயஸ் பெயரிட்ட சாதாரண இனத்தில் மட்டுமே பத்துக்கு மேற்பட்ட உட்பிரிவுகள் உண்டு.

ஆனால் கறுப்புப் பாம்பு தனி உட்பிரிவு அன்று. ஈரி ஏரிக் கரையில் ஒரே தாய் ஒரே பிரசவத்தில் கோடுள்ள குட்டிகளையும் கறுப்புக் குட்டிகளையும் ஈனுவதுண்டு. 1941-ல் வெளியான பிளான்சார்டு தம்பதிகளின் ஆராய்ச்சி இதன் காரணத்தை விளக்கிற்று. பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட விதியே இங்கும். பெற்றோர் இருவரிடமும் கறுப்புக் குணம் மறைந்திருந்தால், கோடுள்ள தாய் தந்தையருக்கும் கறுப்புக் குட்டி பிறக்கலாம்.

பின் இனத்தை எவ்வாறு அறிவது? செதில்களை எண்ண வேண்டும். வயிற்றுச் செதிலுக்கு மேலே, பக்கக் கோடு 2, 3-ஆம் வரிசைகளில் ஓடினால் சாதாரண இனம்; 3, 4-ஆம் வரிசைகளில் ஓடினால் சமவெளிக் கார்ட்டர் போன்ற வேறு இனம். உட்பிரிவை அறிவதற்கோ, பிடிபட்ட இடமும் தெரிய வேண்டும்.

இது வெறும் பெயர் விளையாட்டு அன்று. காலிபோர்னியாவில் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குத் தெற்கே வாழும் உட்பிரிவின் செங்கோடு பெரும்பாலும் அறுபடாமல் ஓடும். அண்டை உட்பிரிவிலோ கறுப்பு குறுக்கிட்டுச் சிவப்பைத் துண்டாக்கும். முன்னதை மட்டும் 1967-ல் ஐக்கிய அமெரிக்க ஸர்க்கார் அழியும் நிலையிலுள்ள பிராணிகளின் ஜாபிதாவில் சேர்த்தனர். பெயர் தவறினால் பாதுகாப்பும் தவறும். இரண்டின் எல்லைகள் கலக்குமிடத்திலோ, இரண்டுக்கும் நடுவான கோடுகளுடன் பாம்புகள் இருக்கின்றன!

"அதற்கு என்ன பெயர் எழுதுவது, ஸார்?" என்றான் பையன்.

"கண்ட இடத்தை எழுது, எண்ணிய வரிசையை எழுது, 'இடைப்பட்டது' என்றும் எழுது. இயற்கை போடாத வேலியை நீ போடாதே" என்றோம்.