8 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தும் முதலிடம் இல்லையா? பந்துவீச்சாளர் தரவரிசை சொல்வதும் சொல்லாததும்

2023 ஜூலை 26. கிள்ளான், பண்டமாரானில் இருக்கும் பாயுமாஸ் ஓவல் திடல். சீனாவுக்கு எதிரான டி20 ஆட்டத்தில் மலேசிய வேகப்பந்துவீச்சாளர் சியாஸ்ருல் இட்ருஸ் நான்கு ஓவர் வீசினார். கொடுத்தது 8 ரன், எடுத்தது 7 விக்கெட். ஏழும் போல்ட்! ஆடவர் அனைத்துலக டி20 வரலாற்றில் ஒருவர் ஒரே ஆட்டத்தில் 7 விக்கெட் எடுத்தது அதுதான் முதல் முறை. சீனா 23 ரன்னில் சுருண்டது.

அப்படியென்றால் அந்த வாரம் உலகின் நம்பர் 1 பந்துவீச்சாளர் அவர்தானே என்று கேட்டால், இல்லை. ஐசிசி தரவரிசையின் உச்சிக்குப் பக்கத்தில்கூட அவர் போகவில்லை. ஏன்?

இந்தக் கேள்வி நமக்கு எதற்கு என்று நினைக்காதீங்க. கெடாவில் கிரிக்கெட் இரண்டாம் பட்சம்தான். மெர்கோங்கிலும் சரி, அலோர்ஸ்டார் டவுனிலும் சரி, பந்து என்றால் முதலில் காற்பந்து, டாருல் அமான் அரங்கம். ஆனால் ஐபிஎல் தொடங்கிவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பும்ராவா, அஷ்வினா, முரளியா என்று விடிய விடியச் சண்டை. யாராவது ஒருத்தர் தரவரிசை ஸ்கிரீன்ஷாட் ஒன்றைப் போடுவார். விவாதம் முடிந்த மாதிரி எல்லாரும் அடங்கிவிடுவார்கள்.

அடங்க வேண்டியதில்லை. அந்தப் பட்டியல் பதில் சொல்வது வேறொரு கேள்விக்கு.

புள்ளி எப்படிக் கிடைக்கிறது?

இந்தக் கணக்கு 1987-இல் வந்தது. இங்கிலாந்து முன்னாள் கேப்டன் டெட் டெக்ஸ்டரின் யோசனை. பூஜ்யத்திலிருந்து 1000 வரை ஓர் அளவுகோல். எத்தனை விக்கெட், எத்தனை ரன் கொடுத்தார் என்பது மட்டுமல்ல, யாரை அவுட் ஆக்கினார் என்பதும் கணக்கில் வரும். நல்ல தரவரிசையில் இருக்கும் பேட்ஸ்மேனை வீழ்த்தினால் கூடுதல் மதிப்பு. கடைசி ஆட்டக்காரரை வீழ்த்தினால் குறைவு. அண்மைய ஆட்டங்களுக்கு எடை அதிகம், பழையவை மெல்லத் தேய்ந்துபோகும். அணி ஆடும் டெஸ்ட் ஒன்றைத் தவறவிட்டால் புள்ளியில் 1 விழுக்காடு போய்விடும். புதுமுகங்களுக்கு முழுப் புள்ளியும் உடனே கிடைக்காது.

இப்போது சியாஸ்ருல் கதை புரிந்திருக்கும். சீன அணியின் பேட்ஸ்மேன்கள் தரவரிசையின் அடியில் இருப்பவர்கள். அவர்களை எத்தனை அழகாக போல்ட் எடுத்தாலும் கணக்குப் பெரிதாக அசையாது. அநியாயம் மாதிரித் தெரியும். ஆனால் அதே பாயுமாஸ் ஓவலில் 2025 ஜனவரியில் நடந்ததையும் பாருங்க. 19 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கிண்ணத்தில் இந்தியாவின் வைஷ்ணவி சர்மா, நமக்கு எதிராக 5 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். ஹாட்ரிக் வேறு. மலேசியா 31 ரன்னில் ஆட்டமிழந்தது. அதை வைத்து அவரை உலகின் சிறந்த பந்துவீச்சாளர் என்று யாராவது சொன்னால், நாமே ஒத்துக்கொள்ள மாட்டோம் இல்லையா?

முரளி என்ற கணக்கு

800 விக்கெட், 133 டெஸ்ட். முத்தையா முரளிதரனின் இந்த எண்ணை யாரும் நெருங்கியதில்லை. 2010 ஜூலையில் காலியில் தன் கடைசி டெஸ்டுக்கு 792 விக்கெட்டுடன் இறங்கினார். தேவைப்பட்டது சரியாக எட்டு. எட்டாவது விக்கெட் இந்தியாவின் பிரக்யான் ஓஜா. அதோடு ஓய்வு.

அவருடைய தாத்தா 1920-இல் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். அதே காலத்தில் கெடாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அதனால் முரளி என்றால் நமக்கு ஒரு பிடிப்பு இருக்கத்தான் செய்யும். அதைச் சொல்லிவிட்டே கணக்கைப் பார்ப்போம்.

முரளிக்கு எதிராக வழக்கமாக வரும் வாதம் இது. 800-இல் 176 விக்கெட் வங்காளதேசத்துக்கும் ஸிம்பாப்வேக்கும் எதிராக வந்தவை. ஷேன் வார்னின் 708-இல் அந்த இரண்டு அணிகளுக்கு எதிரானவை 17 மட்டுமே. சரி, இருவருக்கும் அவற்றைக் கழித்துவிடுங்க. முரளி 108 டெஸ்டில் 624, வார்ன் 142 டெஸ்டில் 691. ஓர் ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தால் முரளிக்கு 5.8, வார்னுக்கு 4.9. கழித்த பிறகும் முரளிதான் முன்னே நிற்கிறார். இன்னொன்று, அந்தக் காலத்தின் பலமான பேட்டிங் வரிசை ஆஸ்திரேலியாவுடையது. வார்ன் அவர்களுக்கு டெஸ்டில் பந்து வீச வேண்டிய அவசியமே வரவில்லை.

ஆனால் முரளி ரசிகர்கள் மறைக்கும் எண்களும் உண்டு. ஆஸ்திரேலிய மண்ணில் ஐந்து டெஸ்டில் அவர் எடுத்தது 12 விக்கெட், சராசரி 75.41. இந்தியாவில் 11 டெஸ்டில் 40 விக்கெட், சராசரி 45.45. 800-இல் 493 சொந்த மண்ணில் எடுத்தவை. சுழற்பந்துக்கு எந்த மண் என்பது எவ்வளவு முக்கியம் என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

1995-இல் மெல்பர்னில் அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் ஏழு முறை நோ-பால் கொடுத்தார். அதற்குப் பிறகும் வீசியவர் அவர். டெஸ்டில் மொத்தம் 44,039 பந்துகள், அதுவும் சாதனைதான். முழங்கை விவகாரத்தை இன்றைக்கும் இழுக்கிறவர்கள், 15 பாகை வரை அனுமதி என்பது எல்லாப் பந்துவீச்சாளருக்கும் பொதுவான விதி என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அப்போ பும்ரா?

2024 பிப்ரவரியில் டெஸ்ட் தரவரிசையில் முதலிடம் பிடித்த முதல் இந்திய வேகப்பந்துவீச்சாளர். அந்த ஆண்டின் இறுதியில் மெல்பர்னில் 200-ஆவது விக்கெட். சராசரி 20-க்குக் கீழ் இருக்கும்போதே 200-ஐத் தொட்ட வேறொருவர் டெஸ்ட் வரலாற்றில் இல்லை. 2025 புத்தாண்டில் 907 புள்ளி எட்டி, அஷ்வினின் 904-ஐத் தாண்டினார்.

ஆனால் எல்லாக் காலத்துக்குமான உச்சப் புள்ளி 932. அது சிட்னி பார்ன்ஸுடையது. 27 டெஸ்டில் 189 விக்கெட் எடுத்த இங்கிலாந்துக்காரர், கடைசி டெஸ்ட் 1914-இல். வேடிக்கை என்னவென்றால், பார்ன்ஸ் 1967-இல் இறந்துவிட்டார். பட்டியல் வந்ததே அதற்கு இருபது ஆண்டு கழித்து. தான் முதலிடம் என்று தெரியாமலேயே போய்விட்டார் மனுஷன்.

பேஸ்பாலிலும் இதே தலைவலிதான். பள்ளியில் சாஃப்ட்பால் ஆடியவர்களுக்குப் பிட்சர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்களை ஒப்பிட, ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்று பார்ப்பார்கள். பிறகு எந்தத் திடல், அந்த ஆண்டு லீக்கில் பொதுவாக எவ்வளவு ரன் வந்தது என்பதற்கேற்ப அதைத் திருத்தி, 100 என்றால் சராசரி என்று ஓர் எண்ணாக்குவார்கள். அதோடு விடுவதில்லை. சை யங் விருதுக்கு ஒவ்வொரு லீக்குக்கும் 30 விளையாட்டுச் செய்தியாளர்கள் வாக்களிக்கிறார்கள். டெட்ராய்ட்டின் தாரிக் ஸ்கூபல் 2024, 2025 இரண்டு ஆண்டும் அமெரிக்கன் லீக்கில் அதை வென்றார். எண்ணும் மனிதக் கண்ணும் சேர்ந்து எடுக்கும் முடிவு. எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது.

என் வாக்கு யாருக்கு? நாளைக்கு ஒரே ஒரு டெஸ்ட், எந்த நாட்டில் என்று தெரியாது, புதுப்பந்தை யாரிடம் கொடுப்பது என்றால் பும்ரா. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓர் அணியைச் சுமக்க ஒருத்தர் வேண்டும் என்றால் முரளி. கேள்வியை மாற்றினால் ஆளும் மாறுவார்.

நம்ம ஆளுக்கு வழி உண்டா?

டெஸ்ட் ஆடும் தகுதி 12 நாடுகளுக்கு மட்டும்தான். அதில் மலேசியா இல்லை. அதனால் பார்ன்ஸ், முரளி, பும்ரா இருக்கும் அந்தப் பட்டியலில் மெர்கோங் பையன் ஒருத்தன் இன்றைய நிலையில் நுழையவே முடியாது, எவ்வளவு வேகமாக வீசினாலும் சரி.

டி20 அப்படியில்லை. 2019 ஜனவரி 1 முதல் ஐசிசி உறுப்பு நாடுகளின் ஆடவர் அணிகள் ஆடும் எல்லா டி20 ஆட்டங்களுக்கும் அனைத்துலகத் தகுதி உண்டு. சியாஸ்ருலின் அந்த ஏழு விக்கெட் சாதனைப் புத்தகத்தில் ஏறியதே இதனால்தான். 2025 செப்டம்பரில் டி20 பந்துவீச்சில் முதலிடம் பிடித்தவர் சென்னைக்காரர் வருண் சக்கரவர்த்தி. கட்டடக் கலை படித்து, அந்த வேலையும் பார்த்துவிட்டுத் தாமதமாகக் கிரிக்கெட்டுக்கு வந்தவர். அவர் பெயர் இருக்கும் அதே பட்டியலில்தான் மலேசியப் பந்துவீச்சாளர்களின் புள்ளிகளும் கணக்கிடப்படுகின்றன. மேலே ஏற வேண்டுமானால் பலமான பேட்ஸ்மேன்களுக்கு எதிராக வீச வாய்ப்புக் கிடைக்க வேண்டும். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டும் இருக்கிறது, பேஸ்பாலும் இருக்கிறது. கிரிக்கெட்டில் ஆடவர் பிரிவில் ஆறு அணிகள், மகளிர் பிரிவில் ஆறு அணிகள். இடம் அவ்வளவுதான்.