கம்பெனி பெயரை ஆர்ஓசி நீக்கிடுச்சா? மீட்க 20 வருஷம் டைம் இருக்கு... ஆனா மீட்டர் ஓடிட்டே இருக்கும்!

தொழில் நடக்குது, ஆர்டர் வருது, ஊழியர்களுக்குச் சம்பளமும் போகுது. திடீரென ஒருநாள் கம்பெனியின் வங்கிக் கணக்கு முடங்குகிறது. விசாரித்தால், "உங்க கம்பெனியே பதிவேட்டில் இல்லை" என்று பதில் வருகிறது. பல பிரைவேட் லிமிடெட் நிறுவனங்களுக்கு விஷயம் தெரிய வருவதே இப்படித்தான்.

2017-ல் மத்திய அரசு 2 லட்சத்துக்கும் அதிகமான கம்பெனிகளைப் பதிவேட்டில் இருந்து நீக்கியது. குறி வைக்கப்பட்டது ஷெல் கம்பெனிகளுக்கு. ஆனால், கணக்கு தாக்கல் செய்யாமல் விட்ட நிஜ நிறுவனங்களும் அதில் சிக்கின.

ஏன் நீக்குகிறார்கள்?

தொடர்ந்து 2 நிதியாண்டுகள் தொழில் செய்யாமல், 'செயலற்ற கம்பெனி' அந்தஸ்தும் கேட்காமல் இருந்தால், கம்பெனிகள் சட்டம் 2013-ன் 248-வது பிரிவின்படி கம்பெனிகள் பதிவாளர், அதாவது ஆர்ஓசி, பெயரை நீக்கலாம்.

தொழில் நடக்கிறதா இல்லையா என்பது ஆர்ஓசிக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் நிதிநிலை அறிக்கை (ஏஓசி-4), ஆண்டறிக்கை (எம்ஜிடி-7) ஆகிய 2 படிவங்களை வைத்துத்தான். ஜிஎஸ்டி ஒழுங்காகக் கட்டினாலும், இவை போகாவிட்டால் சிக்கல்தான்.

முதலில் 30 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் வரும். அடுத்து பொது அறிவிப்பு, கடைசியாக அரசிதழ். ஆபீஸ் மாறியதை ஆர்ஓசிக்குச் சொல்லாதவர்களுக்கு அந்த நோட்டீஸ் கைக்கே வராமல் போகலாம்.

பெயர் போனால் கடனும் போயிடுமா?

போகாது. இயக்குநர்கள், பங்குதாரர்களின் பொறுப்பு அப்படியே தொடரும் என்கிறது சட்டம். வங்கிக் கணக்கையோ நிலத்தையோ கம்பெனி பெயரில் கையாள முடியாது. ஆனால் கடன் கொடுத்தவர் துரத்தலாம். தொடர்ந்து 3 ஆண்டுகள் கணக்கு தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர்களுக்கு 5 ஆண்டு தகுதி நீக்கமும் உண்டு.

மீட்பது எப்படி?

வழி 252-வது பிரிவில் இருக்கு. ஆர்ஓசி உத்தரவால் பாதிக்கப்பட்ட யாரும் 3 ஆண்டுகளுக்குள் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் (என்சிஎல்டி) மேல்முறையீடு செய்யலாம். கம்பெனி, பங்குதாரர், கடன் கொடுத்தவர், தொழிலாளி ஆகியோருக்கு அரசிதழ் தேதியில் இருந்து 20 ஆண்டுகள் வரை வாய்ப்பு உண்டு. சம்பள பாக்கி உள்ள தொழிலாளியே மனு போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டு நிறுவனங்கள் என்சிஎல்டியின் சென்னை அமர்வை அணுக வேண்டும்.

நீக்கப்பட்ட நேரத்தில் தொழில் நடந்ததா, அல்லது மீட்பதற்கு வேறு நியாயமான காரணம் உண்டா என்றுதான் தீர்ப்பாயம் பார்க்கும். பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், பிஎஃப் ரசீது, சொத்துப் பத்திரம் போன்றவை கை கொடுக்கும். உத்தரவு கிடைத்ததும் 30 நாளுக்குள் ஆர்ஓசியில் தாக்கல் செய்ய வேண்டும். நீக்கமே நடக்காதது போல பழைய நிலைக்குக் கொண்டுவர தீர்ப்பாயம் உத்தரவிடலாம்.

எவ்வளவு செலவாகும்?

வக்கீல் ஃபீஸ் ஒரு பக்கம் இருக்கட்டும். விட்டுப்போன எல்லா ஆண்டு கணக்கையும் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதக் கட்டணம் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். 2 படிவங்கள் ஓராண்டு தாமதமானால் 73,000 ரூபாய். 3 ஆண்டு பாக்கி என்றால், முதல் ஆண்டுக்கு 3 வருட தாமதம், அடுத்ததுக்கு 2, கடைசிக்கு 1 என்று வைத்துக்கொண்டாலே 4,38,000 ரூபாய் ஆகிறது! இதுபோக தீர்ப்பாயமும் ஒரு தொகையைக் கட்டச் சொல்லலாம்.

ஆக, 20 வருஷம் இருக்கே என்று தள்ளிப்போட்டால் நஷ்டம் கம்பெனிக்குத்தான்.

இப்போது என்ன செய்யணும்?

கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் கம்பெனி பெயரைத் தேடினால் அதன் நிலை என்ன என்று தெரிந்துவிடும். 'ஸ்ட்ரைக் ஆஃப்' என்று இருந்தால் உடனே ஆவணங்களைத் திரட்டுங்கள். தொழிலைக் கொஞ்ச காலம் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் 'செயலற்ற கம்பெனி' அந்தஸ்து கேட்கலாம். இனி வேண்டவே வேண்டாம் என்றால் கடன்களைத் தீர்த்துவிட்டு நீங்களே மூட விண்ணப்பிக்கலாம். சும்மா விட்டுவிடுவதுதான் எல்லாவற்றையும் விட காஸ்ட்லி!