ஒரே ஒரு டெஸ்ட் ஆடிய கோபாலன்

எம்.ஜே. கோபாலனின் டெஸ்ட் கணக்கு ஒரு வரிக்குள் அடங்கிவிடும்: 1934 ஜனவரியில் கல்கத்தா ஈடன் கார்டனில், ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணிக்கு எதிராக ஒரே ஆட்டம், இரு இன்னிங்ஸிலும் சேர்த்து 18 ரன், ஒரு விக்கெட். ஆனால் சென்னைக் கிரிக்கெட்டின் வரலாற்றை எழுதப் புகுபவர் எவரும் அவரை அந்த ஒரு வரியோடு விட்டுவிட முடியாது.

செங்கல்பட்டு வட்டாரத்து மொறப்பாக்கத்தில் பிறந்து திருவல்லிக்கேணியில் ஆடி வளர்ந்த அவரை, அன்றைய சென்னைக் கிரிக்கெட்டின் முன்னணி ஆங்கிலேயரான சி.பி. ஜான்ஸ்டன் அடையாளம் கண்டு, பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலைக்கும் வழிசெய்தார். பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும் மோதிய மாகாணப் போட்டியே அந்நாளில் ஊரின் பெருவிழா. கோபாலனின் வேகப்பந்து பெயர்பெற்றதும் அங்குதான். மாகாண, சமஸ்தான அணிகளுக்கென ரஞ்சிக் கோப்பை தொடங்கப்பட்டபோது, 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக அதன் முதல் பந்தை வீசியவரும் அவரே. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் சாய்க்க, மைசூர் 48, 59 எனச் சுருண்டு, ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது.

ஹாக்கியிலும் அவர் தேர்ந்தவர். தியான்சந்த் தலைமையில் 1935-இல் நியூசிலாந்து சென்ற இந்திய அணியில் ஆடியவர். மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கும் இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமும் ஒரே கோடையில் வந்து சேர, அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கி அணி இறுதியாட்டத்தில் ஜெர்மனியை 8-1 என வென்று தங்கத்தோடு திரும்பியது. கோபாலனோ மூன்று டெஸ்டில் ஒன்றிலும் களமிறக்கப்படவில்லை. இதைத் தவறான முடிவென்று சொல்வது பின்னால் வந்தவர்களுக்கு எளிது. இங்கிலாந்து மண்ணில் ஆடுவதே கிரிக்கெட்காரனின் உச்சம் என்றிருந்த காலம் அது. விஜயநகரம் மகாராஜ்குமாரின் தலைமையில் அணி பூசல்களால் பிளவுபடும் என்பதையும், லாலா அமர்நாத் முதல் டெஸ்டுக்கு முன்பே ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுவார் என்பதையும் கப்பலேறியவர்கள் எப்படி அறிந்திருக்க முடியும்? முகமது நிசாரும் அமர் சிங்கும் புதுப்பந்தைப் பங்கிட்டுக்கொண்ட அணியில் மூன்றாவது வேகப்பந்து வீச்சாளருக்கு இடம் அரிது என்பதும் மறுக்க முடியாதது.

அவர் பெயரில் 1950-களில் தொடங்கிய கோபாலன் கோப்பைக்காகச் சென்னையும் இலங்கையும் ஏறத்தாழ ஆண்டுதோறும் மோதின. 1982-இல் முதல் டெஸ்ட் ஆடும்வரை வெளிநாட்டு அணிகளோடு மோதும் வாய்ப்பு அரிதாகவே கிட்டிய இலங்கை ஆட்டக்காரர்கள், தங்கள் தரத்தை உரசிப்பார்த்த களங்களுள் அதுவும் ஒன்று.