அழாமையே திடசித்தம் என்னும் அறியாமை

சென்ற வாரம் எங்கள் தெருவில் நடுவயதுக் குடும்பஸ்தர் ஒருவர் காலமானார். மயானத்தில், தகப்பனாரின் சிதையைச் சுற்றித் தோளில் நீர்க்குடம் தாங்கி வந்த மகன், எட்டாம் வகுப்பில் படிக்கும் சிறுவன், குடத்தில் மூன்றாவது துளை விழுந்து முதுகெல்லாம் நீர் வழிந்த வேளையில் உதடு துடிக்க விம்மத் தொடங்கினான். உடனே, பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் அவன் கையை அழுத்திப் பிடித்து, "ஆம்பிளப் பிள்ள அழலாமாடா? இனிமே நீதான் வீட்டுக்குத் தலைவன், மனசக் கல்லாக்கிக்கோ" என்றார். பையன் உதட்டைக் கடித்துக்கொண்டான். குடத்தின் கழுத்தைப் பற்றியிருந்த விரல்கள் வெளுத்துப் போயின. திரும்பும் வழியெல்லாம், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, எத்தனை திடசித்தம் என்று அவனை மெச்சியவர்களே அதிகம். எனக்கோ வயிறு எரிந்தது.

உள்ளத்தில் உறுதியுடையவன் துக்கப்படமாட்டான், பட்டாலும் வெளியே காட்டமாட்டான் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் வேரோடிக் கிடக்கிறது. இதற்குச் சாஸ்திரப் பிரமாணம் வேறு! வாய் திறந்தால் கீதையின் ஸ்திதப்பிரக்ஞனைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். இரண்டாம் அத்தியாயத்தின் கடைசி 18 சுலோகங்களில் கண்ணன் வர்ணிக்கும் அந்த லட்சணத்தை, இவர்களைப் போலப் பிரசங்க மண்டபத்தில் அமர்ந்து கேளாமல், தேர்த்தட்டில் இருந்தபடி நேரே கேட்டவன் அர்ச்சுனன். அந்த அர்ச்சுனன் அதற்குப் பிறகு என்ன செய்தான் என்பதை மட்டும் இவர்கள் சொல்வதே இல்லை.

போரின் 13-ஆம் நாள் மாலை, சம்சப்தகர்களோடு பொருது பாசறை திரும்பிய அவன், அங்கே மங்கல வாத்தியம் முழங்காததையும், எதிர்ப்பட்ட வீரர்கள் முகங்கொடுத்துப் பேசாமல் தலை கவிழ்வதையும், நாள்தோறும் சிரித்த முகத்தோடு எதிர்கொள்ள வரும் மகன் அபிமன்யுவைக் காணாததையும் ஒவ்வொன்றாகக் கண்டு, எவரும் வாய் திறப்பதற்கு முன்னரே நெஞ்சு பதைத்து, மகன் போரில் மாண்ட உண்மை தெரிந்ததும் கதறிப் புலம்பினான் என்கிறது துரோண பருவம். கீதையைக் கேட்டு இரண்டு வாரங்கூட ஆகவில்லை! உபதேசித்த ஆசிரியனோ பக்கத்திலேயே நிற்கிறான். அவன் தேறுதல் கூறினான். முதல் நாளில் பேடித்தனம் என்று கடிந்துகொண்டவன் கண்ணன்தானே என்று யாரேனும் கேட்கக்கூடும். அன்று கடிந்தது, வில்லை நழுவவிட்டுச் செய்ய வேண்டிய காரியத்தைக் கைவிட்டு உட்கார்ந்ததற்காக. 13-ஆம் நாள் அழுத அர்ச்சுனனோ, அழுத கண்ணோடேயே, மகனின் சாவுக்குக் காரணமான ஜயத்ரதனை மறுநாள் சூரியாஸ்தமனத்துக்குள் கொல்வேன், இல்லையேல் தீப்புகுவேன் என்று சபதம் செய்து, 14-ஆம் நாள் அதை நிறைவேற்றியும் காட்டினான். அழுகை அவன் வில்லை வளைய விடாமல் தடுக்கவில்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் அபிமன்னன் சண்டை கூத்து நடக்கும் இரவுகளில், புத்திர சோகத்தில் புரளும் அர்ச்சுனனைக் கண்டு எழுத்தறியாத கிழவியும் கண்ணைத் துடைத்துக்கொள்வாளே தவிர, கோழை என்று சொல்லமாட்டாள். அவளுக்குத் தெரிந்தது நம் படித்த பெரியவர்களுக்குத் தெரியவில்லை.

புராணம் போதாது, விஞ்ஞானம் வேண்டும் என்பவர்களுக்கும் விடை உண்டு. அமெரிக்க உளவியலாளர்களான ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், துயரமான திரைப்படக் காட்சியைப் பார்க்கையில் உணர்ச்சியை வெளிக்காட்டக் கூடாதென்று பணிக்கப்பட்டவர்களுக்குத் துயரம் குறையவில்லை. இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் முடுக்கும் நரம்புகளின் வேகந்தான் கூடியது. முகத்தை மூடிவைத்தால் உள்ளே நெருப்பு அணைந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை.

இந்தப் பேதைமையால்தான் ஒப்பாரியையும் இழந்தோம். செத்தவரின் குணத்தையும் செய்கையையும், அவரோடு பட்ட சண்டையையும்கூட, வரிவரியாய்ச் சொல்லி மாரடித்து அழுது, விடியும்போது எழுந்து முகங்கழுவி அடுப்பு மூட்டிய நம் பாட்டிமாரை அநாகரிகம் என்று வாயடைத்துவிட்டு, இழவு வீட்டில் பதிவுசெய்த பக்திப் பாட்டைப் போட்டுவிட்டு, மூன்றாம் மாதம் தூக்க மாத்திரைக்கு மருந்துக் கடையில் நிற்பது எந்த நாகரிகத்தில் சேர்ந்தது? அலுவலகங்களில் நடப்பதும் இதே அக்கிரமந்தான். ஐந்து பேர் வேலையை இருவர் தலையில் கட்டிவிட்டு, அவர்கள் பொருமினால், மூச்சுப் பயிற்சிக்கும் மனோநிர்வாகத்துக்கும் வகுப்பு நடத்துகிறார்கள். கோபப்படுவதற்கு நியாயமிருக்கும் இடத்தில் சாந்தத்தைப் போதிப்பது, அநியாயம் செய்தவனுக்குக் காவல் நிற்பதாகும். வீட்டில் மருமகள் ஒரு சொல் எதிர்த்துப் பேசினால் அவளுக்கும் இதே பொறுமை உபதேசந்தான். அவளைப் பேச வைத்தவர்களுக்கு உபதேசம் கிடையாது. தன் பிள்ளையைத் தனியே வியூகத்துக்குள் போகவிட்ட அண்ணன் தம்பியரை அர்ச்சுனன் முகத்துக்கு நேரே கடிந்தான்; அவனை எவரும் மூச்சை அடக்கச் சொல்லவில்லை.

பெரியவர்களே, துக்க வீட்டுக்குப் போனால் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது போதும். சொல்வதற்கு நல்ல வார்த்தை வாயில் வராவிட்டால் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அவர்கள் அழுது முடிக்கும் வரை எழுந்து போகாதீர்கள்.