சாயம் தாளிலேயே இருந்தது

ஸ்லைடிலிருந்து வீட்டிலேயே வண்ணப் படம் போட நினைத்தவர்களுக்கு சிபாக்ரோமை விஞ்சிய தாள் வாய்க்கவில்லை என்பேன். 1963-இல் அறிமுகமாகி, பிற்பாடு இல்ஃபோக்ரோம் எனப் பெயர் மாறிய அந்தத் தாளில் மூன்று சாயங்களும் முன்கூட்டியே ஏறியிருக்கும். வேண்டாததை வெளுத்து அகற்றுவதுதான் ரசாயனத்தின் வேலை. நெகட்டிவில் பழகிய கைக்கு எல்லாமே தலைகீழ். வெளிச்சத்தைக் கூட்டினால் படம் வெளுக்கும். ஸ்லைடில் ஒட்டிய தூசி கறுப்புப் புள்ளியாக விழும். வெள்ளைப் புள்ளி என்றால் தூரிகையால் தொட்டு மறைக்கலாம். கறுப்பை என்ன செய்வது? சிவப்பு விளக்குக்கும் இடமில்லை. கும்மிருட்டில் தாளைச் சுருட்டி டிரம்முக்குள் போட்டு மூடிய பிறகே விளக்கைப் போடலாம். அப்புறம் டெவலப்பர், வெளுப்பான், ஃபிக்ஸர், தண்ணீர், அவ்வளவுதான். வெளுப்பான் மட்டும் கடும் அமிலம், நடுநிலையாக்காமல் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

இந்தத் தாளைப் புகழ்பவர்கள் அதன் முரட்டு கான்ட்ராஸ்டை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். வெயிலும் நிழலும் கலந்த ஸ்லைடு என்றால், கறுப்பு வெள்ளை ஃபிலிமில் தனியாக ஒரு மாஸ்க் செய்து சேர்க்காமல் காரியம் ஆகாது. ஆனால் ஸ்லைடு சரியாக அமைந்துவிட்டால், அந்தப் பளபளப்புக்கும் நிறத்தின் ஆழத்துக்கும் இன்றைய இங்க்ஜெட் படம் உறைபோடக் காணாது. 2010-களின் தொடக்கத்தில் தயாரிப்பு நின்றது. மிஞ்சிய பழைய தாளை விலை கொடுத்து வாங்காதீர்கள். ஸ்லைடை நல்ல ஸ்கேனரில் கொடுங்கள். வீட்டில் சிபாக்ரோம் படம் இருந்தால் துணியால் துடைக்காதீர்கள், எளிதில் கீறல் விழும்.