பூடானுக்கு விசா வேண்டாம், ஆனா...

லீவு வந்தா கொல்கத்தாவில் நம்மவர்கள் வீட்ல பூடான் பேச்சு ஆரம்பிச்சுடும். கூடவே புலம்பலும்: "விசாவே கிடையாது, அப்புறம் எதுக்குங்க தினம் 1200 ரூபாய்?"

முன்னாடி நமக்கு இந்தக் கட்டணம் இல்லைதான். 2020ல சட்டம் போட்டாங்க. 2022 செப்டம்பர்ல எல்லை திறந்ததும் வசூல். பெரியவங்களுக்கு ராத்திரிக்கு 1200, 6 முதல் 12 வயசுக்கு 600. புருஷன், பெண்டாட்டி, 10 வயசுப் பையன், 5 ராத்திரின்னா 15,000. ஓட்டல், வண்டி தனி. சம்பளக்காரனுக்கு வலிக்கும்.

இருந்தாலும் நான் பூடான் கட்சி. ஜனத்தொகை எட்டு லட்சத்துக்குள்ள. நாட்டுல 60 சதவீதம் காடா இருக்கணும்னு அரசியல் சட்டத்திலேயே எழுதி வெச்சவங்க. கூட்டம் புகுந்தா மலை என்ன ஆகும்னு நமக்கா தெரியாது? ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024ல இ-பாஸ் வைக்கச் சொல்லி ஐகோர்ட்டே உத்தரவு போட வேண்டியதாச்சு. மத்த நாட்டுக்காரங்க பூடான்ல ராத்திரிக்கு 100 டாலர் கட்டறாங்க சாமி!

காசை விட எனக்குக் காகிதக் கவலைதான். ஆதார் அங்கே செல்லாது. பாஸ்போர்ட் இல்லைன்னா வோட்டர் ஐடி. பாஸ்போர்ட் இல்லாத பசங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ். நம்ம ஊர்ச் சான்றிதழ்ல பாதிப் பேருக்குப் பிள்ளை பேரே இருக்காது (பதியும்போது பேர் வெச்சிருந்தாத்தானே!). டிக்கெட் போடறதுக்கு முன்னாடி பீரோவைத் திறந்து அதை எடுத்துப் பாருங்க.