பயாஸில் கை வைக்காதே என்பவர்களுக்கு...

சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் விற்கிற கடைகளில் ஒரு மந்திரம் உண்டு. "தம்பி, பயாஸ்ல மட்டும் கைய வெச்சிடாத, மெஷின் செத்துடும்!" அரக்கோணத்திலிருந்து லோக்கல் ட்ரெயினில் வந்து, வீட்டில் கெஞ்சி வாங்கிய பணத்தை எண்ணிக் கொடுக்கிற பி.காம். பையன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறான். கடைக்காரர் சொன்னது அவர் வசதிக்கு, பையன் நன்மைக்கு அல்ல.

இந்த மெஷின்கள் எங்கிருந்து வருகின்றன? பெரிய கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்திலிருந்து. 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை லேப்டாப்புக்குத் தரும் ஆயுள் 3 வருடம். வருமான வரிக் கணக்கில் தேய்மானம் 40 சதவீதம். 60,000 ரூபாய் மெஷின் ஐந்தே வருடத்தில் புத்தகத்தில் 4,666 ரூபாய் ஆகிவிடும். (நம்பாதவர்கள் போட்டுப் பார்க்கலாம். அக்கவுண்டன்சி வகுப்பில் தூங்கியவர்களுக்கும் இது வரும்!) புத்தகத்தில் மதிப்பு போனதும் லாட் லாட்டாகத் தள்ளிவிடுகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கை ஞாபகமாகக் கழற்றுகிறவர்கள், பயாஸ் பாஸ்வேர்டை எடுக்க மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு தெரியாமல் போனால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறது லெனோவோ. அந்தப் பூட்டு இருக்கும்வரை உள்ளே எதையும் மாற்ற முடியாது. பழைய கம்பெனி தடுத்து வைத்திருந்தால் அப்டேட்டும் ஏறாது. இப்போது அந்த மந்திரத்தை மறுபடி படியுங்கள். பூட்டிய மெஷினை விற்றவருக்கு அதைவிட நல்ல மந்திரம் உண்டா?

சரி, அப்டேட் செய்யாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்கலாம். பழைய மார்க்கெட்டில் சக்கைப்போடு போடும் டி480-ஐ எடுத்துக்கொள்வோம். 2018-இல் வந்தது. அந்தக் காலத்துத் திங்க்பேடுகளின் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் ஒரு கோளாறு இருந்தது. போகப்போக யுஎஸ்பி-சி போர்ட் வேலை செய்யாமல் போகும். டி480-இல் சார்ஜ் ஏறுவதும் அந்த வழியில்தான்! லெனோவோவே இதை ஒப்புக்கொண்டு, மிக அவசியமானது என்று குறிப்பிட்டு அப்டேட் வெளியிட்டது. காசு கிடையாது, சில நிமிட வேலை. "கைய வெச்சிடாத" என்ற பேச்சைக் கேட்டவன் ஒரு நாள் போர்டு ரிப்பேருக்கு அழுவான். அப்போது அதே கடைக்காரர், "பழைய மெஷின் தம்பி, அப்படித்தான் இருக்கும்" என்பார்.

2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர், மெல்ட்டௌன் ஓட்டைகளுக்கான அடைப்பில் ஒரு பகுதியும் பயாஸ் வழியாகத்தான் வந்தது. செக்யூர் பூட்டுக்கு மைக்ரோசாஃப்ட் 2011-இல் கொடுத்த சான்றிதழ்களின் ஆயுள் 2026 ஜூன் முதல் முடிகிற வகை. புதுச் சான்றிதழ் ஒழுங்காக ஏற, சில மெஷின்களுக்கு முதலில் புது பயாஸ் வேண்டும்.

அந்த பயம் சும்மா வந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2012 வாக்கில் தமிழ்நாட்டில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. டெஸ்க்டாப்பில் பாதி எழுதும்போது போனால் மெஷின் அவ்வளவுதான். ஆனால் லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே! சார்ஜர் செருகியிருந்து, பேட்டரியிலும் போதிய சார்ஜ் இருந்தால்தான் பெரும்பாலான கம்பெனிகளின் அப்டேட் ஆரம்பிக்கவே செய்யும். செத்த பேட்டரியைத் தலையில் கட்டி அனுப்புகிறார்களே, சிக்கல் அங்கேதான். லினக்ஸ் போட்டவர்களுக்கும் சாக்கு இல்லை. 2018-இலிருந்து லெனோவோ லினக்ஸ் வழியாகவே திங்க்பேடுகளுக்கு ஃபர்ம்வேர் கொடுத்துவருகிறது.

ஆகவே நண்பர்களே, பணத்தை எண்ணுவதற்கு முன் மெஷினை அணைத்துப் போடச் சொல்லுங்கள். திங்க்பேட் என்றால் எஃப்1, டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10. பாஸ்வேர்டு கேட்டால் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போங்கள். கேட்காவிட்டால் பயாஸ் தேதியைப் பாருங்கள். பழையதாக இருந்தால் கடையிலேயே, கடைக்காரர் கையாலேயே, அவர் கரண்டிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். மெஷின் செத்தால் அவர் மெஷின்தானே!